அத்தையும் ஐம்பத்து நான்கு பிசாசுகளும்

குட்டிச்சாத்தானின் பலத்தை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைக்க அவனுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. காப்பிக்குப் பால் பொங்க ஆகும் நேரம் அவ்வளவுதான்.

சமையலறையில் மாமியார் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டதுமே வேலையில் இறங்கிவிட்டான். சீட்டின் மூலையில் இருந்த '3' மேல் வெள்ளை மையைப் பூசினான். ஊதினான். காயவில்லை. மறுபடி ஊதினான். மூச்சு வாங்கியதே தவிர மை அசையவில்லை. மனைவியின் ஹேர் டிரையர் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து சொருகினான். அது விமானம் கிளம்புவதுபோல ஒரு சத்தம் போட்டது.

"என்ன மாப்பிள்ளை, தலைக்குக் குளிச்சீங்களா?" மாமியார் வாசற்படியில் நின்றார்.

டிரையர் வைத்துக் காயவைக்கும் அளவுக்கு அவன் தலையில் எதுவும் இல்லை. அது இருவருக்குமே தெரியும்.

"ஆமா அத்தை."

"நல்லது. தலையில ஈரம் நிக்கக் கூடாது."

அவர் உள்ளே போனதும், ஈரம் காயாத வெள்ளையின் மேலேயே '1' என்று எழுதினான். அது '1' மாதிரியும் இருந்தது, யாரோ தும்மிய மாதிரியும் இருந்தது. பரவாயில்லை. இந்த முறை குட்டிச்சாத்தானால் ஒன்றும் செய்ய முடியாது.

காப்பி வந்தது. ஆட்டம் தொடங்கியது. ஆளுக்கு ஐந்து சீட்டு. இருவரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

"திருப்பலாமா மாப்பிள்ளை?"

"திருப்புங்க அத்தை."

அவன் வைத்தது பூதம். பலம் பத்து. மலையைத் தோளில் சுமக்கும் பூதம். மாமியார் வைத்தது, பலம் ஒன்றான, மை காயாத குட்டிச்சாத்தான்.

"அடடா," என்றார் மாமியார், வருத்தமாக. "பூதம் போயிடுச்சே!"

நாலு நிமிடத்தில் ஆட்டமும் போயிற்று. நோட்டை எடுத்து அவன் எழுதினான்: ஏழாவது ஆட்டம். வென்றவர்: அ.

'அ' என்றால் அத்தை. முழுசாக எழுத மனம் வரவில்லை.

*

வாழ்த்து அட்டை அச்சடிக்கும் கம்பெனியில் பதினோரு வருடமாக வாழ்த்து எழுதுபவன் அவன். பிறந்தநாளுக்கு, கல்யாணத்துக்கு, குழந்தை பிறந்ததற்கு, ஓய்வு பெற்றதற்கு, கால் உடைந்ததற்கு. ஆபீசில் அவன் பெயரே 'வாழ்த்து' என்று ஆகிவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அம்மா அப்பா வைத்த பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவன் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பான்.

பதினோரு வருடமும் அவன் மனசுக்குள் ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. நாட்டுக் கதைகளில் வரும் பேய், பூதம், பிசாசு எல்லாம் ஐம்பத்து நான்கு சீட்டாக வேண்டும். அதை வைத்து ஜனங்கள் ஆட வேண்டும். வாழ்த்து அட்டை வாங்க ஆள் குறைந்துபோன ஒரு கெட்ட வருடத்தில், மேனேஜரே "ஏதாவது புதுசா சொல்லுங்கப்பா" என்று கெஞ்சியபோது இவன் கையைத் தூக்கினான்.

மேனேஜருக்குப் பெயர் 'கத்தரி'. யார் எதைக் கொண்டுபோனாலும் பாதியை வெட்டிவிடுவார். ஆனால் இந்தச் சீட்டுக்கட்டைப் பற்றி அவன் எழுதிக் கொடுத்த ஒற்றைப் பக்கத்தை அவர் வெட்டவில்லை. அதுவே ஆபீசில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது.

அந்த ஒற்றைப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். பூதம், முனி, ராட்சசன் எல்லாம் பெரிசுகள். பலம் எட்டிலிருந்து பத்து. கொள்ளிவாய்ப் பிசாசு, மோகினி, ரத்தக்காட்டேரி, வேதாளம் எல்லாம் நடு, நான்கிலிருந்து ஏழு. குட்டிச்சாத்தான், குறளி வகையறா பொடிகள். மூன்றும் அதற்குக் கீழும். பெரிசு நடுவை மிதிக்கும். நடு பொடியைப் பிடித்துத் தின்னும். பொடி, பெரிசின் காதுக்குள் புகுந்து கிச்சுகிச்சு மூட்டிக் கவிழ்த்துவிடும். ஒரே கூட்டத்துக்குள் மோதினால் எண் பெரியது ஜெயிக்கும். முதலில் மூன்று சுற்று எடுத்தவருக்கு ஆட்டம்.

"இருபது ஆட்டம் ஆடிப் பாத்துட்டு நோட்டோட வா," என்றார் கத்தரி. "ரெண்டு பக்கமும் மாறி மாறி ஜெயிக்கணும். ஒரே ஆள் ஜெயிச்சுட்டே இருந்தா அது ஆட்டம் இல்ல, பழுது. பழுதை நான் அச்சடிக்க மாட்டேன்."

"சரி சார்."

"அப்புறம் ஒண்ணு. இது தேறலைன்னா உனக்கு 'விரைவில் நலம் பெறுக' பிரிவுல இடம் காலியா இருக்கு. ஆளே இல்லாம கிடக்கு."

வாழ்த்துக்கு வியர்த்தது. அந்தப் பிரிவில் கடைசியாக இருந்தவர் நாலு வருடம் எழுதி, தனக்கே உடம்பு சரியில்லாமல் போய், தான் எழுதிய அட்டையையே பரிசாகப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்.

ஆட ஆள் வேண்டும். பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கும் மனைவி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வாயைப் பொளந்துட்டு வர்றவங்களைப் பாக்கறேன். வீட்டுக்கு வந்து பிசாசு வேறயா? அம்மா சும்மாத்தானே இருக்காங்க, அவங்களைக் கேளுங்க."

மாமியார் பல் கட்டிக்கொள்ள இரண்டு வாரம் வந்திருந்தார். பழைய பற்களை எடுத்தாயிற்று, புதுப் பல் தயாராகிக்கொண்டிருந்தது. அதனால் பேசும்போதும் சிரிக்கும்போதும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொள்வார். சீட்டாட்டத்தில் எதிராளியின் முகத்தைப் படிக்க வேண்டும் என்பார்கள். வாழ்த்துக்குப் படிக்கக் கிடைத்தது பூப்போட்ட கைக்குட்டை மட்டும்தான்.

முதல் நாள் விதிகளைச் சொன்னபோது மாமியார் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு சீட்டையும் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எனக்கு இதெல்லாம் வராது மாப்பிள்ளை. நீங்க பாத்துச் சொல்லிக் குடுங்க."

"விளையாட்டுத்தானே அத்தை. தோத்தா வருத்தப்படாதீங்க."

"எனக்கென்ன வருத்தம்?"

அதற்குப் பிறகு ஏழு ஆட்டம். ஏழும் 'அ'.

*

குட்டிச்சாத்தானின் எண்ணை எவ்வளவு குறைத்தாலும் அது பொடிதான், பொடி பெரிசைக் கவிழ்க்கும் என்பது விதியிலேயே இருக்கிறது. விதியை எழுதியவன் அவன். இது அவன் மண்டையில் ஏற மேலும் இரண்டு ஆட்டம் தேவைப்பட்டது.

"அந்தக் குட்டிச்சாத்தான்தான் எல்லாத்துக்கும் காரணம்," என்றான் ஆபீசில், பென்சிலிடம்.

பென்சில் என்பது சீட்டுகளுக்குப் படம் போடும் பெண். கொண்டையில் எப்போதும் இரண்டு பென்சில் சொருகியிருப்பாள். ஒன்று வரைய, இன்னொன்று யாராவது திருத்தம் சொன்னால் காட்டுவதற்கு.

"அதை இன்னும் சின்னதா வரைஞ்சா பலம் கம்மியா தெரியும்," என்றான்.

"இதோட மூணு தடவை சின்னதாக்கிட்டேன் சார். இதுக்கு மேல குறைச்சா சீட்டுல கொசு அடிச்சு ஒட்டியிருக்குன்னு நினைப்பாங்க."

"அப்போ கொம்பை எடுத்துடலாமா?"

"கொம்பை எடுத்தா நம்ம கம்பெனி பிறந்தநாள் அட்டையில இருக்கற பாப்பா மாதிரியே இருக்கும்." அவள் பென்சிலை உருவினாள். "சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க மாமியார் சீட்டாட்டத்துல எப்படி?"

"வாழ்க்கையிலயே சீட்டைத் தொட்டதில்லையாம்."

"அப்படித்தான் சொல்லுவாங்க." பென்சிலின் குரல் தாழ்ந்தது. "எங்க பெரியப்பா அப்படிச் சொல்லித்தான் ஒரு தெருவையே ஒரு கை பாத்தார்."

வாழ்த்துக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. அன்று சாயங்காலம் மாமியாரை வேறு கண்ணால் பார்த்தான். அந்தக் கைக்குட்டை. அந்த அமைதி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவர் கேட்கும் கேள்விகள்: "மாப்பிள்ளை, பெரிசு எதை மிதிக்கும்னு சொன்னீங்க? பொடியை எது தின்னும்?" ஒன்பது ஆட்டம் ஆடியும் தெரியாத மாதிரி கேட்கிறார்! பெரிய ஆட்டக்காரர்கள்தான் இப்படித் தெரியாத மாதிரி நடிப்பார்கள்.

புது விதி எழுதினான்: பொடியை அடுத்தடுத்த சுற்றில் வைக்கக் கூடாது.

பத்தாவது ஆட்டம். முதல் சுற்றில் அவன் முனியை வைத்தான். மாமியார் குறளியை வைத்தார். முனி கவிழ்ந்தார். சரி, எதிர்பார்த்ததுதான். இனி அவரால் பொடி வைக்க முடியாது!

அவன் சீட்டுகளைப் பார்த்தான். மூளை வேகம் பிடித்தது. அத்தை பொடி வைக்க முடியாது. அப்படியானால் நடு அல்லது பெரிசு. நான் பெரிசு வைப்பேன் என்று அத்தை நினைப்பார். பெரிசை அடிக்கப் பொடிதான் வேண்டும், அது முடியாது. ஆகவே பெரிசுக்குப் பெரிசு, பூதத்தை இறக்குவார். பூதத்தைக் கவிழ்க்க எனக்கு என்ன வேண்டும்? பொடி! அவன் குட்டிச்சாத்தானை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் ஆட்டத்தைத் தானே புரிந்துகொண்ட மாதிரி இருந்தது.

"திருப்பலாமா மாப்பிள்ளை?"

"திருப்புங்க அத்தை!"

மாமியார் வைத்தது மோகினி. நடு. மோகினி குட்டிச்சாத்தானைத் தின்றாள்.

மாமியார் தன் சீட்டைப் பார்த்தார். அவன் சீட்டைப் பார்த்தார். கைக்குட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

"நீங்க எப்பவும் பெரிசுதானே வைப்பீங்க?" என்றார்.

அந்தக் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது. எதிராளி இவ்வளவு சுலபமாக விழுந்துவிட்டானே என்ற ஏமாற்றம்! மூன்றாவது சுற்றில் பழக்கத்தின்படி ராட்சசனை வைத்தான். பழக்கத்தின்படி ராட்சசன் காதில் பொடி புகுந்தது.

பத்தாவது ஆட்டம். அ.

*

அடுத்த திருத்தம் பூதத்துக்கு. இனி எந்தப் பொடியும் பூதத்தைக் கவிழ்க்க முடியாது. அதன் காதில் பஞ்சு வைத்திருக்கிறது.

"அப்போ பூதம் வச்சிருக்கறவன்தானே எப்பவும் ஜெயிப்பான்?" என்றாள் பென்சில். "பஞ்சு நான் வரைஞ்சுடறேன், அது பிரச்சினை இல்ல. ஆட்டம்தான் செத்துடும்."

அது நியாயமாகப் பட்டது. அதனால் இன்னொரு விதி: ஜெயித்த பூதம் வயிறு நிறைந்து தூங்கிவிடும். பூதத்தை வைத்தவர் அடுத்த சுற்றில் சீட்டு வைக்க முடியாது. அந்தச் சுற்று எதிராளிக்கு.

சாயங்காலம் பூதத்தை இறக்கினான். ஜெயித்தான்! நாற்காலியிலிருந்து அரை அடி எழுந்துவிட்டான். மாமியார் கைதட்டினார்.

"பாத்தீங்களா அத்தை!"

"பாத்தேன் பாத்தேன். நான் வச்சது அப்படியே சப்பளிஞ்சு போச்சு. சபாஷ் மாப்பிள்ளை!"

அடுத்த சுற்றில் பூதம் தூங்கியது. மாமியார் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்ததற்கு ஒரு சுற்று கிடைத்தது. கையில் இருந்த இன்னொரு பூதத்தை அவன் இறக்கினான். ஜெயித்தான். அதுவும் தூங்கியது. இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது சுற்றில் மீதி இருந்தவற்றில் முனியை வைத்தான். மாமியாரின் கையில் மீதி இருந்தவை, ஐந்து சீட்டில் செலவான இரண்டு போக, ஒரு நடு, இரண்டு பொடி. அதிலும் பொடியிலேயே பொடியாகப் பார்த்து ஒன்றை உருவிவைத்தார்.

முனி கவிழ்ந்த சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது.

அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பிய மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "இன்னிக்கு யாரு?"

அவன் நோட்டில் 'அ' என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"அம்மா, நீயா?"

"என்னடி பண்றது," என்றார் மாமியார் குற்றவாளி மாதிரி. "தானா வருது."

"உங்க ஆட்டத்தை நீங்கதானே பண்ணினீங்க?" மனைவி அவன் பக்கம் திரும்பினாள். "எங்க டாக்டர் மாதிரி இருக்கீங்க. ஊருக்கெல்லாம் பல்லு கட்டுவார், அவர் பல்லு மட்டும் ஆடும்."

"அது ஆட்டத்துல பழுது. நான் சரி பண்ணிடுவேன்."

"பண்ணுங்க. முதல்ல சாப்பாட்டு மேஜையிலேர்ந்து பிசாசுங்களை எடுங்க. சாம்பல் நிறத்துல ஒண்ணு உப்பு டப்பாவுக்குள்ள இருக்கு."

*

புதன்கிழமை கத்தரி நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கம். இரண்டு பக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யாருப்பா இந்த 'அ'?"

"அத்தை சார். மனைவியோட அம்மா."

"நீ எங்கே?"

"தோத்தவர்ங்கற பத்தியில இருக்கேன் சார்."

கத்தரி நோட்டை மூடி மேஜைமேல் வைத்தார். அவர் வெட்டாமல் இருக்கும் நேரங்கள்தான் ஆபீசில் எல்லோரையும் பயமுறுத்தும்.

"தோத்துட்டு இருக்கறவனுக்கு ஒரு நம்பிக்கை வேணும்ப்பா. அவனைத் தூக்கிவிட ஒரு விதி போடு. அப்போ ரெண்டு பக்கமும் சமமாகும். வெள்ளிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு என் முன்னாடி ஆடிக் காட்டு. அந்தம்மாவையும் கூட்டிட்டு வா. அங்கேயும் இதே கதைன்னா..."

"விரைவில் நலம் பெறுக," என்றான் வாழ்த்து.

"அதேதான்."

தோற்பவனைத் தூக்கிவிடும் விதி! இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? தோற்பவன் யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆபீஸ் நேரத்திலேயே உட்கார்ந்து ஆசை ஆசையாக எழுதினான். தொடர்ந்து இரண்டு சுற்று தோற்றவர் மேல் வேதாளம் இரக்கப்படும். ஜெயித்தவரின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு ஜெயித்தவர் வைக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் பலம் பாதிதான். பத்து ஐந்தாகும். பெரிசு நடுவாகும். தனக்காகவே தைத்துக்கொண்ட சட்டை மாதிரி இருந்தது அந்த விதி.

அன்று சாயங்காலம் அதிசயம் நடந்தது. முதல் சுற்றில் அவனுடைய ராட்சசன் மாமியாரின் ரத்தக்காட்டேரியை மிதித்தான். இரண்டாவது சுற்றில் முனி கொள்ளிவாய்ப் பிசாசை மிதித்தார். இரண்டுக்குப் பூஜ்யம்!

மாமியாரின் கண்கள் மின்னின. கைக்குட்டைக்குப் பின்னால் அவர் சிரிப்பது தெளிவாகத் தெரிந்தது. தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒருவர் எதற்குச் சிரிக்க வேண்டும்? பொறிக்குள் எலி தலையை நுழைத்ததைப் பார்த்த சிரிப்பு அது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தொடர்ந்து இரண்டு சுற்று தோற்றது மாமியார். வேதாளம் இப்போது ஏறி உட்கார வேண்டியது அவன் தோளில்.

"அத்தை... ஒரு விதி இருக்கு. இனிமே என் சீட்டெல்லாம் பாதி."

சிரிப்பு சட்டென்று நின்றது. "எதுக்கு?"

"நீங்க தோக்கறீங்கல்ல. உங்களைத் தூக்கிவிட."

"என்னை எதுக்குத் தூக்கணும்? நான் நல்லாத்தானே உக்காந்திருக்கேன்? அதெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை, அப்படியே ஆடுங்க."

என்ன ஒரு திமிர்! உன் சலுகை எனக்கு வேண்டாம் என்கிறார்! வாழ்த்துக்கு ரோஷம் வந்தது. "விதின்னா விதி அத்தை," என்றான்.

பத்து, ஐந்தானது. மாமியாரின் ஆறு அதை அடித்தது. எட்டு, நான்கானது. மாமியாரின் ஐந்து அதை அடித்தது. கடைசிச் சுற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? ஆட்டம் முடிந்ததும் மாமியார் சீட்டுகளைக் கலைத்து அடுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, நேராகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை புதுப் பல் வந்தது. அது பொருந்துகிறதா என்று பார்க்கக்கூட அவனுக்கு நேரமில்லை. வேதாளத்தைத் தோளிலிருந்து இறக்க ஒரு விதி, இறக்கிய வேதாளம் எங்கே போகும் என்று ஒரு விதி, பூதம் தூங்கும்போது வேதாளம் ஏறினால் யார் எழுப்புவது என்று ஒரு விதி. ஒற்றைப் பக்கம் முப்பத்தொரு பக்கமாகியிருந்தது. அத்தனை விதியும் சேர்ந்து அன்று பத்தொன்பதாவது ஆட்டத்தையும் மாமியார் கையில் கொடுத்தன.

பத்தொன்பதுக்குப் பூஜ்யம்.

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கத்தரியின் அறையில் இடமே இல்லை. பென்சில், கணக்குப் பிரிவு, உறை ஒட்டும் பிரிவு, அச்சு மெஷின்காரர் எல்லோரும் ஏதோ ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். பத்தொன்பது ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த அம்மாளைப் பார்க்காமல் அன்றைக்கு யாருக்கும் வேலை ஓடவில்லை.

மாமியார் நல்ல புடவையில், புதுப் பல்லோடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

வாழ்த்து முப்பத்தொரு பக்கத்தை மேஜைமேல் வைத்தான். மேஜை லேசாக அதிர்ந்தது.

"என்ன இது?"

"விதிமுறை சார்."

கத்தரி நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்தார். "'தூங்கும் பூதத்தின் மேல் ஏறிய வேதாளம், பூதம் விழிக்கும்வரை வேதாளமாகக் கருதப்படாது.' ஏம்ப்பா, வாஷிங் மெஷின் வாங்கினப்பகூட எனக்கு இவ்வளவு பெரிய புத்தகம் தரலையே!" மூடித் தள்ளினார். "மொதல்ல ஒரு பக்கம் குடுத்தியே, அது எங்கே?"

"அது பழுதானது சார்."

"இருக்கட்டும். அதை எடு. நீ வேண்டாம், தள்ளி நில்லு. அம்மா, என்கூட ஒரு ஆட்டம் ஆடறீங்களா?"

மாமியார் மருமகனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். பலிபீடத்தில் நிற்பவன் வேறு எதை ஆட்ட முடியும்?

பென்சில் பழைய பக்கத்தைத் தேடி எடுத்துவந்தாள். சீட்டு கலைக்கப்பட்டது. கத்தரி யோசித்து யோசித்து வைத்தார். மாமியாரும் யோசித்தார். இத்தனை நாளில் அவர் இவ்வளவு யோசித்து வாழ்த்து பார்த்ததில்லை. கத்தரியின் பெரிசை மாமியாரின் பொடி கவிழ்த்தது. மாமியாரின் பொடியைக் கத்தரியின் நடு தின்றது. மாமியாரின் பூதம் நடுவை மிதித்தது. "ஓ!" என்றது உறை ஒட்டும் பிரிவு. அடுத்த சுற்றைக் கத்தரி எடுத்தார். இரண்டுக்கு இரண்டு. கடைசிச் சுற்றில் கத்தரியின் ஏழு, மாமியாரின் ஆறை அடித்தது.

அறையே கத்தியது. மாமியார் தோற்றுவிட்டார்!

வாழ்த்து சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொண்ணு!" என்றார் மாமியார். முழங்கை வரை வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டார். இரண்டாவது ஆட்டம் மாமியாருக்கு. மூன்றாவது ஆட்டத்தில் அச்சு மெஷின்காரர் மாமியார் பக்கமும், கணக்குப் பிரிவு மேனேஜர் பக்கமும் கட்சி கட்டிக்கொண்டார்கள். இழுபறியாகப் போய்க் கடைசியில் கத்தரி ஜெயித்தார். பத்து வருடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். அப்படி ஒன்றும் அழகாக இல்லை, ஆனாலும் சிரிப்புதான்.

"யாருய்யா சொன்னது இது பழுதுன்னு? அருமையா இருக்கு! இந்த ஒத்தைப் பக்கம் போதும். திங்கக்கிழமை அச்சுக்கு ஏத்துங்க." அவர் முப்பத்தொரு பக்கத்தைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். கூடை கவிழ்ந்தது.

எல்லோரும் வாழ்த்தின் முதுகில் தட்டினார்கள். அவனுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. எல்லாம் சரியாக இருந்த ஆட்டத்தையா பன்னிரண்டு நாள் பிய்த்துப் போட்டோம்? அப்படியானால் அந்தப் பத்தொன்பது?

கத்தரிக்கும் அதே கேள்வி இருந்திருக்க வேண்டும். நோட்டைப் புரட்டிக்கொண்டே மாமியார் பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. என்கிட்ட ஒண்ணு ஜெயிச்சீங்க, ரெண்டு தோத்தீங்க. நியாயம். இவர்கிட்ட மட்டும் எப்படிம்மா பத்தொம்போதும்?"

மாமியார் தரையைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். பழக்கத்தில் கைக்குட்டையைத் தேடினார், புதுப் பல் ஞாபகம் வந்து விட்டுவிட்டார்.

"சும்மா சொல்லுங்கம்மா. நம்ம பசங்கதானே."

"அது வந்து சார்..." மாமியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்ககிட்ட ஜெயிக்கணும்னு ஆடினேன். மாப்பிள்ளைகிட்ட மொத நாள்லேர்ந்து தோக்கணும்னுதான் ஆடிட்டு இருக்கேன்... அவர் விட்டாத்தானே!"